கொடிகளுக்குக் கீழே: தென்னாப்பிரிக்கக் கடலில் நடக்கும் கூட்டுப் பயிற்சிகள்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், இந்தக் கப்பலெல்லாம் சண்டை போடவா வந்திருக்கு?"

அது 2023 பிப்ரவரி. டர்பன், ரிச்சர்ட்ஸ் பே கடற்பகுதியில் ரஷ்ய, சீனக் கடற்படைகளோடு சேர்ந்து தென்னாப்பிரிக்கா 'மோசி' என்ற பயிற்சியை இரண்டாம் முறையாக நடத்திக்கொண்டிருந்தது. டர்பனில் நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்தில் ரொட்டிக் கடை வரிசையில் நின்றாலும் அதே பேச்சு, கோயில் வாசலில் செருப்பு விடும் இடத்திலும் அதே பேச்சு. "இல்லடா, பழகிப் பார்க்க வந்திருக்காங்க" என்று பையனிடம் சொல்லி வைத்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. வேற்று நாட்டுப் போர்க்கப்பல்கள் நம் கடலுக்கு வந்து பத்து நாள் என்னதான் செய்கின்றன, அதனால் டர்பனில் வாழும் நமக்கு என்ன என்று அப்போதிலிருந்து தேடிப் படித்து வருகிறேன். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அரசியல். எல்லோர் கண்ணிலும் படுவது அதுதான்.

'மோசி' என்றால் ட்ஸ்வானா மொழியில் புகை. முதல் பயிற்சி 2019 நவம்பரில் கேப் டவுன் பக்கம் நடந்தபோது வெளியே பெரிதாகச் சத்தமில்லை. இரண்டாவது, 2023 பிப்ரவரி 17 முதல் 27 வரை என்று குறித்தார்கள். உக்ரைன் மீது ரஷ்யா படையெடுத்து ஓராண்டு நிறையும் பிப்ரவரி 24 அதற்குள்ளேயே விழுந்தது. ஒலியைவிடப் பல மடங்கு வேகமாகப் பாயும் ஸிர்க்கான் ஏவுகணை தாங்கிய அட்மிரல் கோர்ஷ்கோவ் என்ற ரஷ்யக் கப்பலும் வந்தது. உலகப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அந்தத் தேதியை ஒத்துக்கொண்டது பெரிய பிழை என்றே நான் இன்றும் நினைக்கிறேன். ஒரு நாட்டில் சாவு விழுந்துகொண்டிருக்கும்போது அதற்குக் காரணமானவர்களை விருந்துக்கு அழைக்கிற தோற்றம் அதில் இருந்தது.

ஆனால் அந்தச் சத்தத்தில் மறந்துபோன ஒன்று உண்டு. அதற்கு ஏழு மாதம் முன்னால், 2022 ஜூலையில், அதே ரிச்சர்ட்ஸ் பே பகுதியில்தான் அமெரிக்கப் படையினர் வந்து 'ஷேர்ட் அக்கார்ட்' என்ற பயிற்சியை நடத்திவிட்டுப் போனார்கள். மருத்துவ உதவிக்கு அதில் முக்கிய இடம். நியூயார்க் மாநிலத்தின் தேசியக் காவல் படை 2003 முதல் தென்னாப்பிரிக்கப் படையோடு தொடர்பு வைத்திருக்கிறது. பிரான்சோடு 'ஆக்ஸைட்' பயிற்சி உண்டு. அதற்கு வரும் பிரெஞ்சுக் கப்பல்கள் ரெயூனியன் தீவிலிருந்து வருகின்றன, நம் ஆட்கள் கரும்பு வெட்டப் போன அதே ரெயூனியன். அர்ஜென்டினா, பிரேசில், உருகுவே நாடுகளோடு தென் அட்லாண்டிக்கில் 'அட்லாசூர்' 1993இலேயே தொடங்கிவிட்டது. ஜெர்மனியோடு 'குட் ஹோப்' நடந்திருக்கிறது. 2007இல் நேட்டோவின் கப்பல் அணி ஒன்று ஆப்பிரிக்கக் கண்டத்தைச் சுற்றி வந்தபோது கேப் கடலில் அதோடும் பயிற்சி செய்தார்கள். எந்த அணியோடும் சேராமல், யார் வந்தாலும் கதவைத் திறந்து வைப்பது நிறவெறி ஆட்சி முடிந்த 1994க்குப் பிறகு இந்த நாடு எடுத்துக்கொண்ட வழி. அது சரியா தவறா என்று தனியே வாதிடலாம். மோசியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் இந்த நாட்டின் கடற்படை விளங்காது.

இந்தியாவோடு நடப்பது 'இப்சமார்'. இந்தியா, பிரேசில், தென்னாப்பிரிக்கா மூன்றும் 2003இல் 'இப்சா' என்ற அமைப்பைத் தொடங்கின. அதன் கடல் பிள்ளை இது. 2008 மே மாதம் தென்னாப்பிரிக்கக் கடலில் முதல் பயிற்சி நடந்தது. அதன் பிறகு ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒரு முறை. இரண்டாவது 2010இல் நடந்தது, நம் முன்னோர் வந்திறங்கி 150 ஆண்டு நிறைந்த அதே வருடம். 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரைக் கரும்புத் தோட்டக் கூலி ஒப்பந்தத்தில் ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. 2016இல் மட்டும் பயிற்சி கோவாவில். 2022இல் கெபெர்ஹாவில் (பழைய போர்ட் எலிசபெத்). எட்டாவது, 2024 அக்டோபரில் கேப் டவுன் பக்கத்துக் கடற்படைத் தளமான சைமன்ஸ் டவுனில். இந்தியாவின் தல்வார் கப்பல் வந்திருந்தது.

சரி, கப்பல்கள் வந்து என்ன செய்கின்றன?

முதல் சில நாட்கள் கரையில் போகும். இதைத் துறைமுகக் கட்டம் என்பார்கள். அதிகாரிகள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, கடலில் செய்யப்போகும் ஒவ்வொன்றையும் மணி நிமிடத்தோடு பேசி முடிப்பார்கள். இன்னொரு பக்கம் மாலுமிகள் தீயணைப்பு, முக்குளிப்பு, சந்தேகக் கப்பலில் ஏறிச் சோதனை போடுவது என்று சிறு சிறு குழுவாகப் பழகுவார்கள். கால்பந்தும் உண்டு. இந்தப் பேச்சுக்கெல்லாம் அடித்தளம் மாதக்கணக்கில் முன்பே நடந்த திட்டக் கூட்டங்கள். இதற்குப் பிறகுதான் கடல் கட்டம்.

கடல் கட்டத்தில் செய்வனவற்றில் ஒன்றை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஓடுகிற கப்பலிலிருந்து ஓடுகிற கப்பலுக்கு எண்ணெய் ஊற்றுவது. சொல்லும்போது சாதாரணம். எண்ணெய்க் கப்பல் நேர்கோட்டில் ஒரே வேகத்தில் போகும், சுமார் 12 நாட், அதாவது மணிக்கு 22 கிலோமீட்டர். மற்ற கப்பல் பின்னாலிருந்து வந்து பக்கவாட்டில் முப்பது நாற்பது மீட்டர் இடைவெளியில் சேர்ந்துகொள்ளும். மூவாயிரம் டன்னுக்கு மேல் கனக்கும் இரும்புக்கு அது அடுத்த வீட்டுச் சுவர். இரண்டு கப்பலுக்கும் நடுவே தண்ணீர் நெருக்கிக்கொண்டு வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைந்து, இரண்டையும் ஒன்றோடொன்று இழுக்கும். சுக்கான் பிடிப்பவர் கண்ணிமைக்கும் நேரம் அசந்தால் உரசிவிடும். முதலில் ஒரு மெல்லிய கயிற்றை அங்கிருந்து இங்கே எய்வார்கள். அதைப் பிடித்து இழுத்தால் அதைவிடத் தடித்த கயிறு வரும், அதன் வாலில் வடம் வரும், வடத்தில் தொங்கிக்கொண்டு எண்ணெய்க் குழாய் வரும். இடையில் வண்ணக் கொடிகள் கட்டிய இன்னொரு கயிறு, இடைவெளி எத்தனை மீட்டர் என்று இரு தளத்தாருக்கும் கண்ணால் காட்டுவதற்கு. இப்படி ஒரு மணி நேரத்துக்கும் மேலாக ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஏதாவது கோளாறு என்றால் நொடியில் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பிரிய வேண்டும். அதற்கும் தனி ஒத்திகை உண்டு.

தேர் இழுத்தவர்களுக்கு இது புரியும். வடம் பிடிக்கிறவர்கள் நூறு பேர் இருந்தாலும், முட்டுக்கட்டை போடுகிறவரின் குரல் எல்லோருக்கும் ஒரே பொருளில் கேட்க வேண்டும். 'விடு' என்று அவர் சொன்னது ஒருவருக்கு 'இழு' என்று கேட்டால் ஆள் போய்விடும். கடலில் அந்தக் குரலைக் கொடுப்பவர் போர்ச்சுகீசியம் பேசி வளர்ந்த பிரேசில்காரர். கேட்பவர் ஸூலு பேசி வளர்ந்தவராகவோ தூத்துக்குடிக்காரராகவோ இருப்பார். நடுவில் ஆங்கிலம், அதுவும் காற்றிலும் எந்திரச் சத்தத்திலும் பாதி தேய்ந்த ஆங்கிலம். அதனால்தான் பேச்சை நம்பாமல் கொடி, விளக்கு, கைச்சைகை, எண் குறியீடு என்று எல்லாவற்றையும் பொதுப் புத்தகத்தில் எழுதி வைத்துப் பழகுகிறார்கள். குழாயின் இணைப்பு வாயும் பொருந்த வேண்டும். தென்னாப்பிரிக்காவின் நான்கு ஃப்ரிகேட் வகைப் போர்க்கப்பல்களும் ஜெர்மன் வடிவமைப்பு. இப்சமாருக்கு வந்த தர்கஷும் தல்வாரும் ரஷ்யத் தளங்களில் கட்டப்பட்டவை. இந்த வாயில் அந்தக் குழாய் உட்காருமா என்பதைப் புயல் நாளில் கண்டுபிடிப்பதைவிட அமைதியான அக்டோபர் நாளில் கண்டுபிடிப்பது நல்லது. கூட்டுப் பயிற்சியில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இந்தச் சின்ன விஷயம்தான்.

தென்னாப்பிரிக்காவிடம் இப்படி எண்ணெய் ஊற்றும் கப்பல் ஒன்றே ஒன்று, 'டிராகன்ஸ்பெர்க்'. 147 மீட்டர் நீளம். 1986இல் எங்கள் டர்பன் கட்டுதளத்திலிருந்து தண்ணீரில் இறங்கியது. இந்த நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டிய மிகப் பெரிய கப்பல் என்ற பெயர் அதற்கு உண்டு. ஆயுதத் தடை காலத்தில் வெளியிலிருந்து வாங்க முடியாமல் கட்டிக்கொண்டது. 1977இல் ஐ.நா. கட்டாயத் தடை போட்டதும், பிரான்ஸ் கட்டிக்கொண்டிருந்த நீர்மூழ்கிகளைக்கூடக் கொடுக்காமல் நிறுத்திவிட்டது.

அந்தத் தடை காலத்துக் கதையில் நம்மவர்களுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது, அதிகம் பேசப்படாத பக்கம். டர்பன் விரிகுடாவுக்குள் சாலிஸ்பரி தீவு இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த இந்தியக் குடும்பங்கள் ஒரு காலத்தில் அங்கே வலை போட்டு, கருவாடு காய வைத்துப் பிழைத்தன. இரண்டாம் உலகப் போரில் தீவு கடற்படைத் தளமானது. போருக்குப் பின் கடற்படையின் மையம் சைமன்ஸ் டவுனுக்கு நகர்ந்ததும் மிச்சமிருந்த பட்டாளக் கொட்டகைகளில் 1961இல் 'இந்தியர்களுக்கான பல்கலைக்கழகக் கல்லூரி'யைத் திறந்தார்கள். நிறவெறிச் சட்டம் மற்ற வாசல்களை அடைத்துவிட்டு, தினமும் படகேறிப் போய்த் தீவில் படி என்றது. 1972இல் கல்லூரி வெஸ்ட்வில் குன்றுக்குப் போன பிறகு, அதே தீவில் இந்திய இளைஞர்களைத் தனியாக வைத்துக் கடற்படைப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தத் தளத்துக்கு வைத்த பெயர் 'ஜலசேனா'. ஓட்டுரிமை இல்லாத மனிதனுக்குச் சீருடை மட்டும் கொடுத்த காலம் அது. போனவர்களைத் துரோகி என்றவர்களும் உண்டு. வேலை கிடைத்ததே என்று மூச்சுவிட்ட வீடுகளும் உண்டு. இரண்டு பேரையும் எனக்குத் தெரியும், இருவர் சொன்னதிலும் வலி இருந்தது.

சைமன்ஸ் டவுனின் கதையும் இதைப் போலத்தான் கூட்டாளிகளைப் பற்றியது. அது பிரிட்டிஷ் கடற்படையின் தளம். 1955இல் செய்த ஒப்பந்தப்படி தளத்தைத் தென்னாப்பிரிக்காவுக்கு ஒப்படைத்தார்கள், 1957இல் கைமாறியது. பதிலுக்குக் கேப் கடல்வழியை இருவரும் சேர்ந்து காப்பது என்று ஏற்பாடு. நிறவெறி அரசோடு கைகோத்து நிற்பது லண்டனுக்கு நாளுக்கு நாள் சங்கடமாகி, 1975இல் ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஏறக்குறைய இருபது ஆண்டு இந்தக் கடற்படை பெரும்பாலும் தனியாகவே பழகியது. கூட்டுப் பயிற்சி என்ற சொல்லுக்கு இங்கே இருக்கும் கனம் அதிலிருந்து வருகிறது. 1994க்குப் பின் வந்த ஒவ்வொரு வெளிநாட்டுக் கப்பலும், நீ இப்போது தனி இல்லை என்று சொல்லிக்கொண்டு வந்தது. 1995இல் இந்தியா சென்ற நெல்சன் மண்டேலா இந்துமாக்கடல் நாடுகளுக்கு ஒரு பொது அமைப்பு வேண்டும் என்று பேசியதும், 1997 மார்ச்சில் மொரீஷியஸில் அது உருவானதும் அந்த ஓட்டத்தில்தான்.

என் பக்கத்து வீட்டு ஆயாவை இந்தியக் கப்பல் ஒன்று வந்திருந்தபோது துறைமுகப் பக்கம் அழைத்துப் போயிருந்தேன். வெள்ளைச் சீருடையில் வந்த ஒரு மாலுமிப் பையனைப் பார்த்து, "நீ எந்தப் பக்கம் ராசா?" என்றார். "ராமநாதபுரம் பக்கம், பாட்டி" என்றான் அவன். ஆயாவுக்கு ஊர் பேர் எதுவும் தெரியாது. அவருடைய பாட்டனார் எந்த ஊரிலிருந்து கப்பலேறினார் என்பதும் தெரியாது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். அவன் சிரித்தான், பிறகு கண் கலங்கிவிட்டான். ஆயாவின் தமிழ் பழைய தமிழ், அவனுடைய பாட்டி பேசுவது போல இருந்ததாம்.

இனி கடலில் உண்மையாக என்ன ஆபத்து என்று பார்ப்போம். 2010 டிசம்பரில் 'வேகா 5' என்ற மீன்பிடிக் கப்பலைச் சோமாலியக் கொள்ளையர்கள் மொசாம்பிக் கடலில் கடத்தினார்கள். கொள்ளை அவ்வளவு தெற்கே வரும் என்று அதுவரை யாரும் நினைக்கவில்லை. 2011இல் 'ஆபரேஷன் காப்பர்' என்ற பெயரில் தென்னாப்பிரிக்கா மொசாம்பிக் கால்வாயில் ரோந்து போகத் தொடங்கியது. அந்த வேலைக்காகவே சாலிஸ்பரி தீவுத் தளத்தை மறுபடி உயிர்ப்பிக்கும் பேச்சும் எழுந்தது. 2012 ஏப்ரலில் நம் டிராகன்ஸ்பெர்க், ஐரோப்பிய ஒன்றியத்தின் கொள்ளை எதிர்ப்புக் கப்பல்களோடு சேர்ந்து கொள்ளையர்களைப் பிடிக்க உதவியது. முன்பின் ஒன்றாக ஓடிப் பழகாத கப்பல்கள் அப்படித் திடீரென்று சேர்ந்து வேலை செய்ய முடியாது. 2023 இறுதியில் செங்கடலில் யேமனின் ஹூத்திக் கிளர்ச்சியாளர்கள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கியதும் சூயஸ் வழியே போன சரக்குக் கப்பல்கள் கூட்டங்கூட்டமாகக் கேப் முனையைச் சுற்றி வரத் தொடங்கின. குளிர்காலத்தில் அந்த முனையில் எழும் அலை எப்படிப்பட்டது என்பது இந்த ஊரில் கப்பல் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். 2024 ஜூலையில் ஒரு பெரிய கொள்கலன் கப்பல் அங்கே 44 பெட்டிகளைக் கடலில் இழந்தது.

இவ்வளவையும் பார்க்க வேண்டிய கடற்படையின் நிலைமைதான் நெஞ்சை உறுத்துகிறது. 1999 ஆயுத ஒப்பந்தத்தில் நான்கு ஃப்ரிகேட்டும் மூன்று நீர்மூழ்கியும் வாங்கினார்கள். அந்த ஒப்பந்தத்தின் ஊழல் வழக்குகளை நாடே அறியும். பல ஆண்டுகளாகப் பழுது பார்க்கப் பணம் போதாமல் அவற்றில் பெரும்பாலானவை கரையோடு கட்டிக் கிடக்கின்றன. சொந்தக் கப்பல் ஓடினால்தான் கூட்டுப் பயிற்சியில் கற்றுக்கொள்ள முடியும். கரையில் கட்டிக் கிடக்கும் கப்பலின் மாலுமிக்கு எந்த நாட்டுக் கொடி வந்தாலும் பயனில்லை. யாரை அழைக்கலாம், யாரை அழைக்கக் கூடாது என்று நாடாளுமன்றத்தில் மணிக்கணக்காகச் சண்டை போடுகிறவர்கள், உதிரிப் பாகத்துக்கு ஒதுக்கிய பணத்தைப் பற்றி அதில் கால்வாசி நேரமாவது பேசியிருக்கலாம். 2026 ஜனவரியில் சைமன்ஸ் டவுனில் சீனாவும் ரஷ்யாவும் கலந்துகொண்ட பயிற்சியில் ஈரான் கப்பல்கள் வந்ததை ஒட்டி மறுபடி அதே சண்டை. இந்தியா அதில் சேரவில்லை. தன் பங்கு இப்சமாரில்தான் என்று சொல்லி ஒதுங்கிக்கொண்டது.

இந்தக் கட்டுரை எழுத என்னை உட்கார வைத்த நாள் ஒன்று உண்டு. 2023 செப்டம்பர் 20. கேப் டவுனுக்குத் தெற்கே கொம்மெக்கி கடலோரம் 'மந்தாட்டிசி' நீர்மூழ்கி மேலே மிதந்துகொண்டிருந்தது. ஹெலிகாப்டரிலிருந்து கயிறு இறக்கிப் பொருள் மாற்றும் வேலை. கடல் கொந்தளித்து வந்த பேரலையில் மேல்தளத்தில் நின்றவர்கள் ஏழு பேரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். ஏழு பேரையும் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள். மூவர் உயிரோடு இல்லை. எதிரி இல்லை, குண்டு இல்லை. வழக்கமான ஒரு பயிற்சி வேலை. அன்றிரவு அந்தத் தமிழ் வகுப்புப் பையனின் கேள்வி திரும்ப நினைவுக்கு வந்தது. கடலில் மாலுமி முதலில் சண்டை போடுவது கடலோடு.

அதற்கு ஓராண்டு கழித்து, 2024 செப்டம்பர் தொடக்கத்தில், இந்தியக் கடற்படையும் தென்னாப்பிரிக்கக் கடற்படையும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தென்னாப்பிரிக்க நீர்மூழ்கி ஏதாவது ஆழத்தில் சிக்கிக்கொண்டால் இந்தியா தன் மீட்புக் கலத்தை அனுப்பி உதவும். செய்திகளில் ஒரு மூலையில் வந்து போனது. மோசிக்குக் கொடுத்த இடத்தில் நூறில் ஒரு பங்குகூட இதற்குக் கிடைக்கவில்லை. என் கணக்கில் இருபது ஆண்டுக் கூட்டுறவில் இதுதான் மிகப் பெரிய பலன்.

ஏன் என்று சொல்கிறேன். ஆழ்கடல் மீட்புக் கலம் உலகில் சில நாடுகளிடம் மட்டுமே உண்டு. இந்தியா இரண்டு வாங்கியது, மும்பைக்கு ஒன்று, விசாகப்பட்டினத்துக்கு ஒன்று. 650 மீட்டர் ஆழம் வரை இறங்கும், ஒரு தடவைக்கு 14 பேரை ஏற்றிக்கொண்டு மேலே வரும், விமானத்தில் ஏற்றியும் அனுப்பலாம். 2021 ஏப்ரலில் பாலித் தீவருகே இந்தோனேசியாவின் 'நங்கலா' நீர்மூழ்கி 53 பேரோடு மூழ்கியபோது விசாகப்பட்டினத்திலிருந்து இந்தக் கலம் கிளம்பியது. அது போய்ச் சேருவதற்குள் நங்கலா 800 மீட்டருக்கும் கீழே உடைந்து கிடப்பது தெரிந்துவிட்டது. நங்கலாவும் மந்தாட்டிசியும் ஒரே ஜெர்மன் குடும்பத்தில் பிறந்தவை, 209 வகை. 2017 நவம்பரில் தென் அட்லாண்டிக்கில் அர்ஜென்டினாவின் 'சான் ஹுவான்' 44 பேரோடு காணாமல் போனபோது பல நாடுகள் ஓடி வந்து தேடின. கண்டுபிடிக்க ஓராண்டு ஆனது, 900 மீட்டருக்கும் கீழே.

ஆழம் குறைவாக இருந்து ஆட்கள் உள்ளே உயிரோடு இருந்தால் எல்லாம் நேரத்தைப் பொறுத்தது. மீட்புக் கலம் நீர்மூழ்கியின் அவசர மூடியைச் சுற்றியுள்ள வட்டத் தட்டில் போய் உட்கார்ந்து, நடுவிலுள்ள தண்ணீரை வெளியேற்றி, சொட்டு கசியாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும். அந்தத் தட்டின் அளவு, சரிவு, சுற்றிலும் தடையாக எது நிற்கிறது என்பதெல்லாம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். உள்ளே இருப்பவர்கள் சுவரில் எத்தனை முறை தட்டினால் என்ன பொருள் என்பதும் இரு பக்கத்துக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2000 ஆகஸ்டில் ரஷ்யாவின் 'குர்ஸ்க்' நீர்மூழ்கி விபத்தில் மூழ்கிய பின் மாஸ்கோ நாள்கணக்கில் வெளியாரை ஏற்கத் தயங்கியது. கடைசியில் மூடியைத் திறந்தவர்கள் நார்வே நாட்டு முக்குளிப்பாளர்கள். அப்போது 118 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. கூட்டாளியோடு பழகும் வேலையை விபத்து நாளுக்கு ஒத்திப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கொடிய சாட்சி எனக்குத் தெரியவில்லை.

காகிதத்தில் கையெழுத்து ஆகிவிட்டது. அடுத்த படி, இந்தியாவிலிருந்து கலம் வந்து சைமன்ஸ் டவுன் இருக்கும் ஃபால்ஸ் பே விரிகுடாவின் தண்ணீரில் இறங்கி, உண்மையான நீர்மூழ்கியின் மூடிமேல் ஒரு முறையாவது உட்கார்ந்து பார்ப்பது. கலத்தை எந்த விமான நிலையத்தில் இறக்குவது, சைமன்ஸ் டவுன் வரை எந்த லாரி சுமக்கும், எந்தத் தாய்க்கப்பலின் பின்தளத்தில் பாரந்தூக்கியைப் பற்றவைப்பது என்று ஒவ்வொன்றையும் செய்து பார்த்து மணிக்கணக்கு எழுத வேண்டும். உள்ளே காற்று எத்தனை மணி நேரம் இருக்கும் என்பதோடு அந்தக் கணக்கு முட்டிப் பார்க்கப்பட வேண்டும்.

அடுத்த இப்சமார் அறிவிப்பு வரும்போது எந்தெந்தக் கொடி வருகிறது என்று ஊரோடு சேர்ந்து நானும் பார்ப்பேன். பிறகு அந்த அட்டவணையில் நீர்மூழ்கி மீட்பு ஒத்திகை என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுவேன். இருந்தால் சனிக்கிழமை வகுப்பில் முதலில் அந்தப் பையனிடம்தான் சொல்வேன்.